முகம் துடைக்கும் கை

"அம்மா, வேணாம்னுதானே தூக்கிப் போட்டுட்டாங்க? அப்ப இது யாரோடது?"

அஞ்சலின் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது கேட்ட கேள்வி இது. பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அமலோற்பவம் மகளையும் குப்பைமேட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். குழந்தையின் கையில் ஒரு கல்யாணப் புகைப்படம். சட்டம் உடைந்து, ஓரமெல்லாம் நைந்து, மாப்பிள்ளையின் முகத்தில் யார் வீட்டு ரசமோ வழிந்து காய்ந்திருந்தது.

அமலோற்பவம் கோணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"யாரோடதோ, கண்ணு" என்று மட்டும் சொன்னாள். படத்தை வாங்கி, கட்டைவிரலால் மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். பிறகு பெண்ணின் முகத்தை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வடசென்னையில் அந்த மேட்டை நம்பிப் பிழைத்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரும்பு, தாமிரம், பாட்டில், அட்டை, பால் கவர் எல்லாம் எடுத்தவருக்குச் சொந்தம். முகம் உள்ள பொருளும் பெயர் உள்ள பொருளும் அப்படியில்லை. புகைப்படம், மதிப்பெண் சான்றிதழ், சாமி படம், பொம்மை, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் இவற்றை எடைக்குப் போடமாட்டார்கள். பல்செட்டுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை; ஆனாலும் ஒருவர் வாயில் இருந்ததாயிற்றே என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் வாசல் பக்கத்து வேலிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். தேடி வருகிறவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். வந்தவர்கள் அழாமல் திரும்பியதில்லை. அப்படி வரும் ஒருவருக்காகத்தான் அத்தனையும் தொங்கின.

முகத்தைத் துடைப்பது மட்டும் அமலோற்பவத்தின் தனிப் பழக்கம்.

"ஆமா, பவுடர் பூசி, பொட்டு வெச்சி, ரெட்டை ஜடை போட்டு அனுப்பு. பொண்ணு பாக்க வர்றாங்க" என்பாள் ஏகவல்லி. அவள் அமலோற்பவத்துக்குப் பக்கத்திலேயே பல வருஷமாகக் குனிந்து நிமிர்ந்தவள். கட்டினவனும் இல்லை, பெற்றதும் இல்லை. வாய் மட்டும் ஊருக்குப் போதுமான அளவு உண்டு.

அஞ்சலின் வளர்ந்து, நர்ஸ் படிப்பு முடித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு, மேட்டுக்கு இயந்திரங்கள் வந்தன.

இனி ஒரு கைப்பிடிக் குப்பைகூட மண்ணுக்குள்ளும் போகக் கூடாது, கடலுக்குள்ளும் போகக் கூடாது என்று நகரம் முடிவெடுத்திருந்தது. நீளமான கொட்டகை ஒன்று எழுந்தது. நடுவே குப்பையைச் சுமந்து ஓடும் பட்டை. இரண்டு பக்கமும் ரப்பர் விரல் வைத்த இயந்திரக் கைகள். ஆனால் அந்தக் கைகளுக்கு நம் குப்பை புரியவில்லை. காய்ந்த, கழுவிய குப்பையில் பழகிவந்தவை அவை. மாலையும் தேங்காய் மட்டையும் சாம்பார் வழியும் பொட்டலமும் ஒன்றாகச் சுருண்டு வந்தபோது திகைத்து நின்றன.

அதனால் மேட்டிலிருந்து அமலோற்பவம், ஏகவல்லி உட்படப் பன்னிரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கையுறை மாட்டிவிட வந்தவள் வஹீதா. சின்ன வயது இன்ஜினியர், ராயபுரத்துப் பெண்.

"அக்கா, நீங்க வாயைத் திறந்து எதுவும் சொல்லித்தர வேணாம். இதைப் போட்டுக்கிட்டு வழக்கம்போல பிரிங்க. உங்க விரல் எங்க போகுது, எவ்வளவு அழுத்துது, எதைத் தொட்டதும் தயங்குதுன்னு இது பாத்துக்கும். பன்னிரண்டு பேர் கையும் கலந்து ஒரே கையா ஆயிடும். அந்த ஒரு கையை எல்லா மெஷினுக்கும் போட்டுடுவோம்."

"அப்ப எங்க கைய இன்னா பண்றது கண்ணு?" என்றாள் ஏகவல்லி. "கயட்டி பரண் மேல போட்டுடறதா?"

எல்லாரும் சிரித்தார்கள். வஹீதாவும் சிரித்துவிட்டு, "இல்லக்கா. குப்பை மாறிக்கிட்டே இருக்கும். அதுக்குப் புதுசு புதுசா சொல்லிக் குடுக்கணும். நீங்க இருப்பீங்க" என்றாள்.

"நாங்க பன்னெண்டு பேரு இருப்போம். மத்தவங்க?"

வஹீதா குனிந்து அடுத்தவளுக்குக் கையுறை மாட்டிவிடத் தொடங்கினாள். மேட்டில் அதுவரை பொறுக்கிப் பிழைத்தவர்களில் சிலருக்கு உரக் கொட்டகையில் வேலை கிடைத்தது. சிலர் கண்ணாடி கழுவும் இடத்துக்குப் போனார்கள். மீதிப்பேர் கோணியைச் சுருட்டிக்கொண்டு எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நல்லது நடக்கும்போது அதன் காலடியில் நசுங்குகிறவர்களும் உண்டு. குனிந்து பார்க்க ஒருவராவது வேண்டும். அமலோற்பவம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியார் கோயிலில் அவர்கள் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். அவளால் முடிந்தது அதுதான்.

ஆனாலும் நல்லது நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேடு வருஷா வருஷம் குள்ளமாகிக்கொண்டே வந்தது. கோடையில் தானாகப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகையும் தீ நின்றது. தெருவில் குழந்தைகளின் இருமல் குறைந்தது. அடிபம்பில் மஞ்சளாக வந்த தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. கழிமுகத்தில் நண்டு கிடைக்கிறது என்று ஒருநாள் ஏகவல்லி கூடையோடு வந்து நின்றபோது, பன்னிரண்டு பேரும் அதை மாதா சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அமலோற்பவத்துக்கு இன்னொரு நல்லதும் நடந்தது. அவள் புருஷன் சவரிமுத்துவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கையுறை போடுகிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில் அந்தச் செலவு முழுவதும் அடங்கியது. அவளுக்கு வேலை இருக்கும்வரை அட்டை இருக்கும். அட்டை இருக்கும்வரை சவரிமுத்து இருப்பான். வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டு பேர் சேர்ந்து வளர்த்த அந்த ஒரு கை, இங்கே தேறியதும் ஊர் ஊராகப் போனது. டாக்கா, லிமா, மொம்பாசா என்று வஹீதா உலகப் படத்தில் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"நம்ம கை பாஸ்போட் இல்லாம உலகம் சுத்துதுடி" என்றாள் ஏகவல்லி. "நாம இன்னும் மெரினாவத் தாண்டல."

ஒரு நாள் காலை எல்லாரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து தயாபரன் என்ற அதிகாரி வந்திருந்தார். வஹீதா பக்கத்தில் நின்றாள், முகத்தில் களையில்லை. திரையில் ஒரு வீடியோ ஓடியது.

"இது மொம்பாசா. ஆப்பிரிக்காவுல, கடலோர ஊரு" என்றார் தயாபரன். "நல்லாப் பாருங்கம்மா."

பட்டையில் ஒரு புகைப்படம் வந்தது. இயந்திரக் கை அதைத் தூக்கியது, நின்றது. பிறகு ரப்பர் விரல் நுனி படத்திலிருந்த முகத்தின் மேல் மெல்ல ஒரு முறை போனது. மறுபடி ஒரு முறை. அதன் பிறகு அதைக் காகிதத் தொட்டியில் போடாமல், பட்டையின் இடது கோடியில், தொட்டியே இல்லாத இடத்தில், பக்குவமாக வைத்தது.

அடுத்து ஒரு பொம்மை. அதன் முகத்தையும் துடைத்து, அங்கேயே வைத்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கோ ஒரு நாட்டில், இரும்பால் செய்த ஒரு கையில், தன் கட்டைவிரலை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி வெச்சு வெச்சு அங்க மலையாக் குவிஞ்சு, பட்டை அடைச்சு நின்னுபோச்சு" என்றார் தயாபரன். "குப்பை தேங்கி, மழைத் தண்ணி வடியாம, ஒரு தெருவே மூழ்கியிருக்கு. மத்த ஊர்லயும் இதே கதைதான். இங்க மட்டும் எப்படி அடைக்கல?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"நாங்க சாயங்காலம் போறப்ப எடுத்துக்கினு போயி கம்பியில மாட்டிடுவோம் சார்."

"இதை ஏன் யாரும் சொல்லல?"

"அது வேலைல சேத்தி இல்லீங்களே சார்."

உண்மையில் அதுதான் நடந்திருந்தது. கையுறை போட்டுக்கொண்டிருந்தபோதும் அவர்கள் வழக்கம்போல ஒதுக்கியிருந்தார்கள். மூச்சுவிடுவதை யாராவது வேலைக் கணக்கில் சேர்ப்பார்களா?

தயாபரன் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நிதானமாகத்தான் சொன்னார். "ஒதுக்குறது எல்லாருமே செஞ்சிருக்கீங்க, அதை இனிமே விட்டுடுங்க. ஆனா இந்த மூஞ்சியைத் துடைக்கிறது ஒரே ஒருத்தரோட கை. நேரம் முழுக்க அதுலதான் போகுது. எல்லாக் கையும் கலந்துட்டதால யாருதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல. இப்ப செஞ்சு காட்டச் சொன்னா யாரும் துடைக்கமாட்டீங்க. அவங்களே சொல்லிட்டா அவங்களை மட்டும் விலக்கிட்டு மத்தவங்களை வெச்சுக்கலாம். சொல்லலன்னா பன்னிரண்டு பேரையும் மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி கிடையாது."



அமலோற்பவத்தின் கண்ணுக்கு முன்னால் அந்த அட்டை வந்து நின்றது. கூடவே, ஊசி குத்திக் குத்திக் கன்னிப்போன சவரிமுத்துவின் கை. இன்னொரு பக்கம், முழங்கால் தண்ணீரில் ஒரு தெரு. அந்தத் தெருவில் யார் யாரோ. 'ஆண்டவரே, எழுந்திரிக்கத் தெம்பு குடு' என்று மனசுக்குள் சொன்னாள். எழுந்தும்விட்டதாகத்தான் நினைத்தாள்.

ஆனால் எழுந்து நின்றவள் ஏகவல்லி.

"என் கைதாங்க சார்."

"நீங்களா?"

"பின்ன? எங்கம்மா எனக்கு மூக்கு ஒழுகினா இப்படித்தான் தொடைக்கும். அந்தப் பழக்கம் வந்துடுச்சி. மிசினுக்கும் மூக்கு ஒழுகும்னு நெனச்சிக்கினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தயாபரன்கூடச் சிரித்தார். அமலோற்பவம் வாயைத் திறந்தபோது, ஏகவல்லி மேசைக்கு அடியில் அவள் பாதத்தை நன்றாக மிதித்தாள்.

வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் பேச முடிந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ண? நான் உள்ள போய்ச் சொல்லிடறேன்" என்றாள் அமலோற்பவம்.

"சொல்லு. சொல்லிட்டு வூட்டுக்குப் போயி உன் ஆளாண்ட இன்னா சொல்லுவே? 'யோவ், இனிமே உன் ரத்தத்த நீயே அலசிக்கோ'ன்னா?" ஏகவல்லி டீயை ஊதிக்கொண்டே பேசினாள். "எனக்கு யாருடி கீறா? இந்த ஒரு வயிறு. வண்டி போட்டு மீன் வறுத்தா ரொம்பிடும். நீ சும்மா இரு. எவகிட்டயாச்சும் வாயத் தொறந்தே, அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்."

"இந்தக் கடனை நான் எப்படிடி அடைப்பேன்?"

"தோடா! மொதல்ல இந்த டீய குடி. ஆடை கட்டுது பாரு."

ஏகவல்லி அன்றைக்கே போனாள். போகும்போது வேலிக் கம்பியில் தொங்கிய பொம்மை ஒன்றின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

வஹீதா அந்த அசைவை இயந்திரத்திலிருந்து வெட்டி எடுத்தாள். கையுறைகளைப் பூட்டி வைத்தார்கள். பெண்கள் பட்டையைக் கண்காணித்தால் போதும், மருத்துவ அட்டை அப்படியே இருக்கும் என்றார்கள். திருத்திய கை வேகமாக வேலை செய்தது. முகங்கள் காகிதத் தொட்டிக்குப் போயின. பொம்மைகள் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போயின. அமலோற்பவம் பட்டையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகம் கடக்கும்போதும் 'யாரோ, எவரோ, நல்லா இருக்கட்டும்' என்று உதடு அசையாமல் சொல்லிக்கொள்வாள். வேலிக் கம்பி வெறுமையாக இருந்தது. காக்கைகள் அதில் உட்காரத் தொடங்கியிருந்தன.

ஏகவல்லியின் மீன் வண்டி சில மாதம் ஓடியது. அமலோற்பவம் வாராவாரம் போய் வேண்டுமளவுக்கு மேலேயே மீன் வாங்கினாள். "ஏன்டி, உன் வூட்ல பூனை எத்தினி வளக்குறே?" என்று ஏகவல்லி கேட்டாள். பிறகு சாலையை அகலப்படுத்தியபோது வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் பெரம்பூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனாள். அங்கே வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாதாம். மூட்டுத் தேய்ந்த காலோடு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். கேட்டால், "மலையேறி சாமி பாக்கறவங்க எவ்ளோ செலவு பண்றாங்க, எனக்கு சம்பளம் குடுத்து ஏத்தறாங்க" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அமலோற்பவம் அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனாள். அந்தோனியாரிடம், "காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறவரே, அவ பொழப்பு என்னாலதான் காணாமப் போச்சு" என்றாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, ஏகவல்லி அவள் வாயைக் கட்டியிருந்தாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது, கையுறைகளைப் பூட்டிவிட்டுப் போயிருந்த வஹீதா திரும்பி வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒருத்தி அவளுக்கும் தட்டில் சோறு வைத்தாள்.

"மொம்பாசாவுல என்ன நடந்துச்சு தெரியுமாக்கா?" என்றாள் சந்தோஷம் தாங்காமல். "அங்க ஹலீமான்னு ஒரு அம்மா. அடைச்ச பட்டையை எடுத்துவிடச் சொல்லி அவங்களைத்தான் அனுப்பியிருக்காங்க. மெஷினைத் திட்டிக்கிட்டே போயிருக்காங்க. போய்ப் பாத்தா, குவியல் பூரா முகம். எல்லாம் துடைச்சு, சுத்தமா. துடைச்சு வெச்ச முகத்தை மறுபடியும் குப்பையில போட அவங்களுக்கு மனசு வரல. வாசல்ல ஒரு கயிறு கட்டி, அத்தனையையும் மாட்டிட்டாங்க."

சோற்றைப் பிசைந்த கைகள் நின்றன.

"யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாருமே சொல்லல. மழையில அந்தத் தெருவே சட்டி சாமானெல்லாம் இழந்திருந்துச்சு இல்லையா? ஒவ்வொருத்தரா வந்து பாத்திருக்காங்க. ஒருத்தர் செத்துப்போன தங்கச்சி படத்தை எடுத்துக்கிட்டாராம். பள்ளிக்கூடச் சர்டிஃபிகேட், கல்யாணப் படம்னு அவங்கவங்க பொருள் அவங்கவங்களுக்குக் கிடைச்சிருக்கு. அப்புறம் நாங்க திருத்தின கையை அனுப்பினோமா? ஊரே கூடி வேணாம்னுடுச்சு. பழைய கையே எங்களுக்குப் போதும், அடைக்காம இருக்க இடது பக்கம் ஒரு தொட்டி வெச்சுக்கறோம்னு எழுதிட்டாங்க." வஹீதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரு தொட்டி! அவ்வளவுதான்க்கா விஷயம். எங்க யாருக்கும் தோணல."

"எங்களுக்கும்தான் தோணல" என்றாள் அமலோற்பவம். "நாங்க கையாலயே அள்ளிட்டோம்."

இப்போது மற்ற ஊர்களும் பழைய கையைக் கேட்கின்றனவாம். புயலில், பூகம்பத்தில் வீடு இடிந்த இடங்களுக்கு அனுப்பப் புது இயந்திரங்கள் தயாராகின்றன. இடிபாட்டில் எதை அள்ளுவது, எதை நிறுத்தித் தொடுவது என்று அவற்றுக்குச் சொல்லித்தர, முகம் துடைத்த அந்தக் கைதான் வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அந்தக் கைக்குரியவளுக்கு நிரந்தர வேலை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் குடியிருப்பில் வீடு.

"ஏகவல்லி வந்தாளா?" என்றாள் அமலோற்பவம். அது வாயிலிருந்து உடனே வந்துவிட்டது.

"காலையிலேயே வந்து சோதனை குடுத்தாங்க. அவங்க கை ஓரளவு பொருந்துது." வஹீதா கொஞ்சம் தயங்கினாள். "இத்தனை வருஷம் பக்கத்துல பக்கத்துல உக்காந்தவங்க, எல்லார் கையும் கொஞ்சம் கொஞ்சம் ஒண்ணு போலத்தான் இருக்கு. இன்னும் நெருக்கமாப் பொருந்தற கை இருந்தா அவங்களுக்குத்தான் வேலை. இல்லைன்னா ஏகவல்லியக்காவுக்கே. அதனால எல்லாரும் ஒரு தடவை செய்யணும். தனி அறை. யாரும் உள்ள வரமாட்டோம், கேமராவும் கிடையாது. ஆள் பாத்தா கை மாறிடும். கையுறை மட்டும் பதிவு பண்ணும்."

வாசலில் ஏகவல்லி நின்றிருந்தாள். வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, ஆனாலும் காத்திருந்தாள்.

"வந்துட்டியா? நான் போயி ஒரு பொம்மைய உன்ன மாறியே தொடச்சி வெச்சிட்டு வந்தேன், சும்மா பேருக்கு" என்றாள் ரகசியமாக. "நீ போயி உன் வயக்கம்போல செய்யி. உன் கட்டவெரலப் பாத்தா மிசினு தாய் வூட்டு ஜனத்தப் பாத்த மாறி ஓடி வரும். வூடு வந்ததும் ஒரு நாளு கூப்ட்டு சோறு போடு, போதும்."

"முட்டி எப்படி இருக்கு?"

"அது இருக்கு அதும்பாட்டுக்கு. இப்ப அதுவா பேச்சு? போடி உள்ள."

அவள் திரும்பி நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அமலோற்பவம் தன் முறைக்குக் காத்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே வீடு. இப்போது இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறார்கள். திரும்பி வரும்போது சவரிமுத்துவுக்குக் குமட்டும். பஸ்ஸில் எல்லாரும் நகர்ந்து நிற்பார்கள். அவன் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். வீடு எதிரிலேயே இருந்தால் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தால் போதும். அந்த வீட்டின் ஜன்னலைக்கூட அவள் மனம் பார்த்துவிட்டது. ஜன்னலில் ஒரு செடி வைக்கலாம்.

பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். கையை நீட்டாமல் இருப்பது பொய்யாகுமா என்று யாரிடம் கேட்பது? 'அன்னிக்கு எனக்காக அவ சொன்னதைப் பொய்க் கணக்குல நீர் எழுதியிருக்கமாட்டீர். இதையும் அதோடவே வெச்சுக்கும்' என்று கடவுளிடம் விட்டுவிட்டாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு பச்சை விளக்கு. கதவு சாத்திக்கொண்டது. கையுறையை மாட்டினாள். வெகுநாள் கழித்துத் தொட்டதில் அது குளிர்ச்சியாக இருந்தது. மேசை மேல் தட்டு நகர்ந்து வந்தது.

பாட்டில், வலப்பக்கம். அறுந்த செருப்பு, பின்னால். நசுங்கிய டப்பா மூடி, முன்னால். கை தானாகப் போயிற்று. பழைய வேகம் எங்கும் போய்விடவில்லை. அடுத்து, ஒரு பையனின் புகைப்படம். பள்ளிச் சீருடை. கண்ணும் மூக்கும் தெரியாதபடி முகம் முழுக்கச் சேறு.

கட்டைவிரல் பாதி தூரம் போய்விட்டது.

அவள் அதை நிறுத்தினாள். வலித்தது. ஓடிப்போகிற பிள்ளையைச் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையால் படத்தின் ஓரத்தைப் பிடித்து, சேற்றோடு, அப்படியே இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மன்னிச்சுக்கோ ராசா" என்றாள் சத்தமில்லாமல்.

ஒரு டம்ளர். ஒரு பொம்மை. இன்னொரு முகம். எதன் மேலும் அவள் விரல் தங்கவில்லை. பச்சை விளக்கு அணைந்தது.

கையுறையைக் கழற்றி, அடுத்தவளுக்கு ஈரமில்லாமல் இருக்கட்டும் என்று உள்பக்கம் வெளியே வரும்படி உதறி, மேசை மேல் வைத்தாள். கதவைத் திறந்தாள். வரிசையில் நின்றவள், "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் கஷ்டமில்ல, போ" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவக் குழாயடிப் பக்கம் நடந்தாள்.